நாராவுக்கு மூன்று பயணச்சீட்டுகள்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை: 61,200. அப்பாவின் பழைய வரவு செலவுக் குறிப்பேட்டில் கடைசியாக மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்களில் நான் எழுதிய முதல் எண் இது. சென்னையிலிருந்து ஜப்பானின் ஒசாகா நகருக்கு நவம்பர் மாத நடுவில் போய்த் திரும்ப ஒருவருக்கு ஆகும் விமானக் கட்டணம். அன்று தொடங்கி ஏறத்தாழ பத்து வாரங்கள், இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துப் போட்ட பிறகு, கணினியைத் திறந்து அதே பக்கத்தில் தேதியையும் விலையையும் எழுதி வந்தேன். அப்பாவும் அம்மாவும் நானுமாக மூன்று பேர் போகவேண்டிய பயணம் அது. அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது, அம்மாவுக்கு அறுபத்தெட்டு. எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைப் போலவே எவ்வளவு நாள் இன்னும் இப்படி நடந்து திரிய முடியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த விலைகளைப் பார்த்தேன். அந்தப் பத்து வாரங்களில் கற்றுக்கொண்டவற்றை, இதே போன்ற பயணத்துக்காகக் காத்திருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஜப்பான் ஏன் என்று உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். அப்பா உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய மொழி அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டு வந்தபோது, அதைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த துணுக்குகளையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்தவர். அந்தக் கருத்தை மொழியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த விவாதத்தின் வழியாகத்தான் ஜப்பான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பிறகு அது நாரா என்ற ஒரே ஊரில் போய் நிலைத்தது. நாராவில் உள்ள தோடாய்ஜி ஆலயத்தின் பெரிய புத்தர் சிலைக்கு 752-ஆம் ஆண்டு கண் திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகையைப் பிடித்தவர் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன போதிசேனர் என்னும் துறவி. அவர் மதுரைப் பக்கத்தவர் என்று சொல்வோரும் உண்டு. அந்தத் தூரிகையில் கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதை அப்பா வகுப்பிலும் வீட்டிலும் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே கிடையாது.

இதற்கு முன்பே ஒருமுறை போகவிருந்தோம். 2019 அக்டோபர் இறுதியில் சென்னையிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு நேரடிச் சேவை தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் போகலாம் என்று 2020 ஜனவரியில் ஓர் இணையதளத்தின் வழியாகச் சீட்டு எடுத்தேன். மார்ச்சில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. வழக்கமான சேவைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2022 மார்ச் 27 அன்றுதான். ஊரடங்குக் காலத்தில் ரத்தான பயணங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று உத்தரவிட்ட பிறகும், எங்கள் பணம் எங்கள் கைக்கு வந்து சேர மொத்தத்தில் பதினான்கு மாதங்கள் ஆயின. விமான நிறுவனத்தைக் கேட்டால் இணையதளத்தைக் கேளுங்கள் என்றார்கள், இணையதளத்தைக் கேட்டால் விமான நிறுவனம் இன்னும் அனுப்பவில்லை என்றார்கள். அந்த நேரடிச் சேவையும் கொரோனாவோடு நின்றது. நான் மறுபடி தேடத் தொடங்கிய 2024-இலும் அது திரும்பியிருக்கவில்லை. ஆகவே எந்த வழியாகப் போனாலும் நடுவில் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் ஏறவேண்டும் என்பதிலிருந்துதான் இம்முறை கணக்குத் தொடங்கியது.

சென்னையிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு வழிகள் குறைவில்லை. சிங்கப்பூர் வழியாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கோலாலம்பூர் வழியாக மலேசியா ஏர்லைன்ஸ், பாங்காக் வழியாகத் தாய் ஏர்வேஸ், ஹாங்காங் வழியாகக் கத்தே பசிபிக் என நான்கு நிறுவனங்களும் நாராவுக்குப் பக்கத்திலுள்ள ஒசாகாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் நரிட்டாவுக்குப் போகிறது. குறைந்த கட்டண நிறுவனங்களைச் சேர்த்தால் வழிகள் இன்னும் பெருகும். கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தேடல் தளங்கள் இவற்றையெல்லாம் ஒரே திரையில் வரிசைப்படுத்திக் காட்டிவிடுகின்றன. ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்கும் எண்ணைத்தான் நான் மிகவும் அஞ்சவேண்டியிருந்தது.

ஜூன் மூன்றாவது வாரத்தில் முதலிடத்தில் நின்ற எண் 38,700. குறிப்பேட்டின் முதல் எண்ணைவிட 22,500 ரூபாய் குறைவு, மூன்று பேருக்கு 67,500 ரூபாய். அன்றிரவே எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. உள்ளே போய்ப் படித்தபோது, அது ஒரு பயணச்சீட்டே அல்ல என்று தெரிந்தது. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனத்தின் சீட்டும், அங்கிருந்து ஒசாகாவுக்கு இன்னொரு நிறுவனத்தின் சீட்டும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துத் தைத்த பயணம் அது. கோலாலம்பூரில் குடிநுழைவு வரிசையில் நின்று மலேசியாவுக்குள் போகவேண்டும், பெட்டிகளை எடுக்கவேண்டும், தேவையானால் ரயிலில் ஏறி அடுத்த முனையத்துக்குப் போகவேண்டும், அங்கே பெட்டிகளை மீண்டும் ஒப்படைத்து, மீண்டும் சோதனைக்கு நிற்கவேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா தேவையில்லை என்பதால் உள்ளே போவதில் தடையில்லை. ஆனால் மூன்று பேருக்கும் மின்னணு வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்பியிருக்கவேண்டும். இவையெல்லாம்கூட உடம்பில் தெம்புள்ளவர்களுக்குப் பெரிய தடைகள் அல்ல. பெரிய தடை வேறு. சென்னை விமானம் தாமதமாகி ஒசாகா விமானத்தைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எங்களைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை, வராத பயணிகள் என்று குறித்துவிட்டு அது புறப்பட்டுவிடும். மொத்தப் பயண நேரம் 27 மணி. அதில் பதினோரு மணி நேரம் விமான நிலைய நாற்காலிகளில் கழியும். பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது ஒருவருக்கு 49,000 ரூபாயைத் தாண்டியது. இருபது வயதில் நானே இதை மகிழ்ச்சியாக எடுத்திருப்பேன், எடுப்பவர்களைத் தவறு என்றும் சொல்லமாட்டேன். முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவளுக்கு அது விலையே அல்ல.

பெங்களூருவிலிருந்து நரிட்டாவுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் 2021 முதல் நேரடி விமானம் இயக்குகிறது. அப்பாவுக்கு அதில் ஆசை வந்தது, வந்தே பாரத் ரயிலில் பெங்களூரு வரை போகலாம் என்பதும் ஒரு காரணம். ஆனால் ரயில் இறங்கும் இடத்திலிருந்து தேவனஹள்ளியில் உள்ள விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று முதல் நாளே போய்த் தங்க விடுதி, போகவும் வரவும் வாடகை வண்டி என்று எழுதிக் கூட்டியதில், நேரடி விமானத்தின் வசதியை அந்த அலைச்சலே தின்றுவிடும் என்று தோன்றியது. நங்கநல்லூர் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் சக்கரங்கள் தெரியும். அவ்வளவு பக்கத்தில் ஒரு விமான நிலையம் இருக்கும்போது இன்னொரு மாநிலத்துக்குப் போய் ஏறுவதில் அம்மாவுக்கு உடன்பாடில்லை. அவர் சொன்னதுதான் சரி.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று புரிந்துகொள்ள நான் செலவிட்ட நேரம் வீண் போகவில்லை. எக்கனாமி என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இருக்கைகளை விமான நிறுவனம் உள்ளுக்குள் பல விலைப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது. மலிவான படியில் சில இருக்கைகள் மட்டுமே இருக்கும். அவை தீர்ந்தால் அடுத்த படியின் விலை திரையில் தெரியும். விற்பனை மந்தமாக இருந்தால் மூடிய படியை மறுபடி திறந்துவிடுவார்கள். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, குறைந்த கட்டணப் போட்டியாளர்களைச் சமாளிக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எண்பதுகளில் வளர்த்தெடுத்த முறை இது. இன்று உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை. ஆகவே ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பவர்கள் வெவ்வேறு விலை கொடுத்திருப்பது இயல்பு. செவ்வாய்க்கிழமை இரவில் வாங்கினால் மலிவு என்றும், உலாவியின் நினைவகத்தை அழித்துவிட்டுத் தேடினால் மலிவு என்றும் அலுவலகத்தில் பலரும் எனக்கு அறிவுரை சொன்னார்கள். என் கைப்பேசியிலும், வீட்டுக் கணினியிலும், தோழியின் கணினியிலும் ஒரே நேரத்தில் பலமுறை தேடிப் பார்த்தேன். ஒரே தளத்தில், ஒரே நாணயத்தில், ஒரே எண்தான் வந்தது. பத்து வாரக் குறிப்பேட்டில் செவ்வாய்க்கிழமைகளுக்கென்று தனி இறக்கம் எதுவும் பதிவாகவில்லை.

விலைப்படிகளைப் பற்றிப் படித்ததால் ஓர் உண்மையான நுணுக்கம் கிடைத்தது. மூன்று பேருக்கு என்று தேடினால், மூன்று இருக்கைகளும் ஒரே படியில் கிடைக்கும் விலையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். மலிவான படியில் இரண்டே இருக்கைகள் மிச்சம் இருந்தால், அந்த இரண்டையும் கொடுத்துவிட்டு மூன்றாவதை மட்டும் மேல்படியில் கொடுக்காமல், மூன்றையும் மேல்படி விலையில் காட்டிவிடுவார்கள். ஜூலை மாதம் ஒருநாள் மூன்று பேருக்குத் தேடியபோது தலைக்கு 56,900 என்று வந்தது. ஒருவருக்குத் தேடியபோது 53,400, இரண்டு பேருக்கும் அதே 53,400. அப்பா அம்மா இருவருக்கும் ஒரு முன்பதிவு, எனக்குத் தனியாக மேல்படி விலையில் இன்னொன்று என்று வாங்கினால் 7,000 ரூபாய் மிச்சமாகும். நெடுநேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். விமானம் ரத்தாகி மாற்று விமானம் கொடுக்க நேர்ந்தால், ஒரே முன்பதிவு எண்ணில் இருப்பவர்களைத்தான் ஒன்றாக நகர்த்துவார்கள். அந்நிய ஊரில் அவர்கள் இருவரும் ஒரு விமானத்திலும் நான் இன்னொன்றிலும் என்று பிரிய நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது, அந்த 7,000 ரூபாய் மீது எனக்கு ஆசை போய்விட்டது. தனித்தனியாகச் சமாளித்துக்கொள்ளக்கூடிய நண்பர்கள் சேர்ந்து போகும்போது இந்த வழியைத் தாராளமாகக் கையாளலாம்.

தேதிகளை நகர்த்திப் பார்ப்பதில்தான் உண்மையான இறக்கம் கிடைத்தது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. அதை ஒட்டிய நாள்களில் எண்கள் 70,000-ஐ எட்டின. கியோட்டோவிலும் நாராவிலும் மேப்பிள் இலைகள் சிவப்பது பொதுவாக நவம்பர் நடுவிலிருந்து இறுதிக்குள் என்பதால், எங்களுக்குத் தீபாவளி முடிந்த இரண்டு வாரங்கள் கழித்துப் புறப்படுவது எல்லா வகையிலும் பொருந்தியது. புறப்படும் நாளை நெடுக்கிலும் திரும்பும் நாளைக் குறுக்கிலும் வைத்துக் காட்டும் கட்டத்தில், சனி ஞாயிறு எல்லாம் மேலே நின்றன, செவ்வாயும் புதனும் கீழே நின்றன. ஒரே வாரத்துக்குள் 6,000 முதல் 9,000 ரூபாய் வரை வேறுபாடு. நான் கணினியில் பார்த்ததை அம்மா சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் பார்த்தார். திங்களும் சனியும் கிழக்கே சூலம், கிழக்கு நோக்கிப் போகிற பயணத்தை அந்த நாள்களில் தொடங்கவேண்டாம் என்றார். செவ்வாய், புதனுக்குச் சூலம் வடக்கில். அஷ்டமி, நவமியும் அந்தப் பக்கத்தில் இல்லை. நவம்பர் 13, புதன்கிழமையில் அம்மாவின் நாள்காட்டியும் விமான நிறுவனத்தின் கட்டமும் ஒத்துப்போயின.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போகக்கூடாது. சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. 13-ஆம் தேதி 00:40 மணி என்று சீட்டில் இருந்தால், 12-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பவேண்டும். 13-ஆம் தேதி இரவு பெட்டிகளோடு விமான நிலையத்துக்குப் போய், விமானம் நேற்றே போய்விட்டது என்று அறிந்து கண்கலங்கி நின்ற குடும்பம் ஒன்றை நான் அறிவேன். எங்கள் சுவர் நாள்காட்டியில் இரண்டு தாள்களிலும் சிவப்பு மையில் எழுதி வைத்தோம்.

திரும்பும் நாளை முடிவு செய்வது அவ்வளவு எளிதாக இல்லை. இரண்டரை வாரம் தங்கி நவம்பர் 30 அன்று திரும்பினால் தலைக்கு 2,600 ரூபாய் குறைவு என்று திரை காட்டியது. சென்னைக்காரர்களுக்கு அந்தத் தேதியைப் பார்த்ததும் வேறொன்று நினைவுக்கு வரும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் ஓடுதளத்தில் ஏறி விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுபடி மூடப்பட்டது. கார்த்திகை மழையை நம்பிப் பெரியவர்களோடு வந்து இறங்குவதைவிட, இரண்டு வாரத்தில் 27-ஆம் தேதி புதன்கிழமை திரும்பிவிடுவது நல்லது என்று தீர்மானித்தேன். எந்த நாளில் வந்தாலும், போக வர எல்லா விமானங்களும் ஒரே சீட்டில் இருக்கவேண்டும் என்பதிலும் உறுதியாக நின்றேன். ஒரே சீட்டாக இருந்தால், சென்னை மூடப்பட்டாலும் எங்களை எப்படியாவது வீடு சேர்ப்பது அந்த நிறுவனத்தின் கடமையாகிறது. அந்த ஆண்டும் ஃபெஞ்சல் புயலினால் நவம்பர் 30 அன்றே சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. நாங்கள் அதற்கு மூன்று நாள் முன்பே நங்கநல்லூரில் இருந்தோம்.

போகும் ஊரும் திரும்பும் ஊரும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். தேடல் தளங்களில் பல நகரங்கள் என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. அதில் சென்னையிலிருந்து ஒசாகாவுக்கும், டோக்கியோவிலிருந்து சென்னைக்கும் என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு ஒருவழிச் சீட்டுகளின் விலை வரும் என்று நினைத்தேன். ஆனால் ஒசாகாவுக்கே போய்த் திரும்பும் விலையைவிட 900 ரூபாய்தான் கூடுதலாக வந்தது. ஒசாகாவில் இறங்கினால் நாராவும் கியோட்டோவும் பக்கம், அங்கிருந்து புல்லட் ரயிலில் டோக்கியோ போய் அங்கேயே விமானம் ஏறிவிடலாம். டோக்கியோவைப் பார்த்துவிட்டு ஒசாகாவுக்குத் திரும்பி வரவேண்டியிருந்தால் அந்த ரயிலுக்கு மட்டும் ஒருவருக்கு ஏறத்தாழ 14,000 யென் ஆகும், அப்போதைய மதிப்பில் 7,500 ரூபாய்க்கு மேல். ஜப்பான் முழுவதும் ரயில்களில் சுற்ற உதவும் ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டதால், பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதை நம்பிப் போவதிலும் பயனில்லை. 900 ரூபாயில் ஒரு பயண நாளும் மூன்று பேருடைய ரயில் கட்டணமும் மிச்சமாயின. இந்தப் பத்து வாரங்களில் நான் கண்டெடுத்தவற்றில் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். டோக்கியோவில் ஏறும்போதும் நகருக்கு அருகிலுள்ள ஹனேடாவிலிருந்து ஏறும் விமானத்தைத் தேர்ந்தேன். நரிட்டா அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

விலைக்குள் என்னென்ன அடக்கம் என்பதை அதன் பிறகுதான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், விமான நிலையக் கட்டணங்கள், எக்கனாமி வகுப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., ஜப்பானிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் 2019 முதல் விதிக்கப்பட்டு, அப்போது 1,000 யென்னாக இருந்த வரி எல்லாம் சீட்டின் விலையிலேயே சேர்ந்திருந்தன. ஒரே விமானத்தின் ஒரே எக்கனாமியில் மூன்று வகைக் கட்டணங்கள் இருந்தன. அடிமட்ட வகையில் ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணம் திரும்பாது, தேதியை மாற்ற முடியாது. அதற்கு அடுத்த வகை தலைக்கு 3,200 ரூபாய் கூடுதல். அதில் சிறு கட்டணம் செலுத்தித் தேதியை மாற்றலாம், பிடித்தம் போக மீதியைத் திரும்பப் பெறலாம். எழுபது வயதைத் தாண்டியவருக்குச் சீட்டு எடுக்கும்போதும், விசா கைக்கு வருவதற்கு முன்பே சீட்டு எடுக்கும்போதும், இந்த இரண்டாவது வகைக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவு என்று நான் கருதவில்லை. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவிலேயே கேட்டுக்கொண்டேன், அதற்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கு ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டைத் தேர்ந்தேன். நம் பக்கத்துச் சைவ உணவு அதுதான். வி.ஜி.எம்.எல். என்று எழுதினால் பாலும் தயிரும்கூட இல்லாத உணவு வரும், அம்மாவுக்குத் தயிரில்லாமல் சாப்பாடு முடியாது.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு 2020 எனக்குப் பதில் சொல்லியிருந்தது. ஒரு வங்கி அட்டையின் தள்ளுபடியோடு சேர்த்துப் பார்த்தால் இடைத்தரகு இணையதளம் ஒன்றில் தலைக்கு 1,900 ரூபாய் குறைவாகவே இருந்தது. இருந்தாலும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுத்தேன். ஏதேனும் நேர்ந்தால் பேசவேண்டியவர் ஒருவராகவே இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுகளாக டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒரு பெரியவரிடமும் போய்க் கேட்டேன். அவர் சொன்ன விலை நான் கண்ட விலைக்கு 500 ரூபாய்தான் மேலே. இணைப்பு விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும் என்று தளம் சொல்வதை நம்பவேண்டாம், சக்கர நாற்காலியில் போகிறவர்களைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்குவார்கள், இரண்டரை மணி நேரமாவது இருக்கும்படி பாருங்கள் என்று அவர்தான் சொன்னார். இணையத்தில் ஏறத் தெரியாத பெற்றோருக்கு அப்படி ஒரு முகவர் கிடைத்தால், அந்த 500 ரூபாயைக் கொடுத்துவிடுவதே நல்லது.

ஆகஸ்ட் 14 இரவு, மூன்று பேருக்கும் ஒரே படியில், மாற்றக்கூடிய வகையில், 25 கிலோ பெட்டியோடு, சிங்கப்பூரில் மூன்று மணி நேரக் காத்திருப்போடு தலைக்கு 52,600 என்று வந்தது. குறிப்பேட்டில் அதைவிடக் குறைந்த எண்கள் நான்கைந்து இருந்தன, அவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் வேண்டாம் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. இதை எடுக்கலாம் என்று அப்பா சொன்னார். ஆடி முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று அம்மா சொன்னார். அந்தத் தளத்தில் ஒரு சிறு தொகை கட்டினால் விலையை 72 மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கும் வசதி இருந்தது. அதைக் கட்டினேன். ஆவணி முதல் தேதி, ஆகஸ்ட் 17 சனிக்கிழமை காலையில், அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

அந்த மூன்று நாளும் சும்மா போகவில்லை, பெயர்ச் சிக்கலைத் தீர்க்க அவை தேவைப்பட்டன. தமிழ்க் குடும்பங்களில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப் பெயருக்கான இடம் காலி. முன்பதிவுப் பக்கமோ அந்த இடத்தை நிரப்பாமல் நகரவிடாது. முதலெழுத்தை மட்டும் போட்டுவிடலாம், அல்லது தாத்தாவின் பெயரை எழுதிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்தைச் சீட்டில் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. சீட்டுப் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் விமானம் ஏறுமிடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், பின்னால் திருத்துவதற்குச் சில நிறுவனங்கள் புதுச் சீட்டின் விலையையே கேட்கும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், நாட்டுக்கு நாடும் மாறும். சுற்றுலா விசாவில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் தவித்தார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, எங்கள் சீட்டில் எப்படி எழுதவேண்டும் என்று கேட்டு, அதையே மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிக்கொண்டேன். அப்பாவின் பெயரை இரண்டு இடங்களிலும் எழுதச் சொன்னார்கள்.

பணம் செலுத்தி முடித்ததும் சீட்டுகளை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். விடைத்தாள் திருத்துகிறவரைப் போல மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாஸ்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்டிச் சரிபார்த்தார். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அப்பாவின் பெயர் இருக்கிறது, என்னுடையதிலும் அதுவே. அவருடைய சீட்டில் இரண்டு முறை, எங்கள் சீட்டுகளில் ஒவ்வொரு முறை என்று நான்கு இடங்களில் அந்தப் பெயர் இருந்தது. நான்கையும் எண்ணிவிட்டு, ஒசாகா என்று அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கேயிருந்து நாரா எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார். ஒசாகா நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று சொன்னேன். அம்மா உள்ளே போய் 2020-இல் வாங்கி வைத்த கம்பளிச் சட்டைகளைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிக் கூப்பிட்டார்.